நாகமான் வீட்டுச் சின்னப் பெண்

தொட்டபாறை, அஞ்செட்டி வழி
9.2.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

யுவஸ்ரீ எழுதுவது. இந்தக் காலத்தில் காகிதமா என்று சிரிக்காதீர்கள். என் போன் இப்போது உங்கள் தம்பி தினேஷ்குமார் கையில் இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைக்கிறார்கள். மாமா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், நான் அடுப்படி வாசலில். சாப்பிட்டீர்களா, பாப்பா தூங்கிவிட்டாளா என்பதற்கு மேல் அங்கே நாம் என்ன பேச முடியும்? அதனால்தான் இதைக் காலை பஸ் கண்டக்டர் அன்புமணி அண்ணனிடம் கொடுக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

மாட்டுப் பொங்கல் காலையில் நடந்ததைப் பற்றி நாம் இருவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. மதிய பஸ்ஸில் உங்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இங்கே இன்னும் அதே பேச்சுதான். மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு சட்டென்று நின்று யாரோ ஒருவர் கணீரென்று வாசிக்க ஆரம்பித்ததும், கால்நடை முகாம் அறிவிப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சென்னம்மா மாட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்பியே விட்டாள். யோனா என்று ஒருவன் கப்பல் ஏறி ஓடுகிறான், கடலில் தூக்கிப் போடுகிறார்கள், மீன் விழுங்குகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். சத்தம் வேறு கூடிக்கொண்டே போனது. அப்புறம் கர்த்தர் என்ற பேர் வந்தது. பூசாரி ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். நீங்களோ பாறைக்குப் பின்னால் கழுத்தில் அந்த இயர்போனை மாட்டிக்கொண்டு, கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள்.

போன பண்டிகைக்கு அம்மன் பாட்டு போட அந்த ஸ்பீக்கரோடு உங்கள் போனைப் புளூடூத்தில் சேர்த்து வைத்ததே நீங்கள்தான். நீங்கள் மறந்தீர்கள். போன் மறக்கவில்லை.

மாமாவின் முடிவு இது. முழங்கால் போய்விட்டதால் இந்தச் சித்திரைக்கு அவரால் கரகம் எடுக்க முடியாது. மூத்த மகன் முறை. நீங்கள் வந்து எடுத்தால் பழசெல்லாம் தீர்ந்தது. எடுக்கும் வரை நானும் பாப்பாவும் இந்த ஊரைவிட்டு நகரக் கூடாது. "பொண்டாட்டி புள்ள இங்க இருந்தா அவன் எங்க போயிருவான்? தானா வருவான்" என்று என் எதிரிலேயே சொன்னார். நான் என்ன அடகு வைத்த பாத்திரமா?

ஜூன் மாதம் பாப்பாவை ஓசூரில் பள்ளியில் சேர்த்து மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்போம் என்று சொன்னீர்கள். அது என்ன ஆச்சு என்று எழுதுங்கள். மழுப்ப வேண்டாம்.

யுவஸ்ரீ


மூக்கண்டபள்ளி, ஓசூர்
16.2.2025

யுவாவுக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் படித்தேன். அன்புமணி அண்ணன் கொடுக்கும்போதே சிரித்தார். மீன் கதை அவர் பஸ் முழுக்கப் பரவியிருக்கிறது போல.

எனக்கு எழுத வராது. தெரிந்த மாதிரி சொல்கிறேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. அப்பா நம்ப மாட்டார், நீயாவது நம்பு. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இந்தப் பழைய போனை வாங்கினேன் அல்லவா, அந்த பைபிள் ஆப் அதற்குள்ளேயே இருந்தது. முன்னால் வைத்திருந்தவர் யாரோ, அழிக்காமல் விற்றுவிட்டார். தினமும் காலையில் திரையில் ஒரு வரி வந்து நிற்கும். அழிக்கத்தான் நினைத்தேன். அந்த வாரம்தான் பக்கத்து மெஷினில் பிரேம்குமாருக்குக் கை நசுங்கியது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு லைனை ஓட்டச் சொன்னார்கள். அந்த மெஷினில் அடுத்து நின்றவன் நான். மறுநாள் காலையில் வந்த வரி, பயப்படாதே என்று சொல்கிற மாதிரி ஒன்று. யார் யாருக்குச் சொன்னது என்று பார்க்கத் தொட்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

மதம் மாறவில்லை யுவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசல் வரை போனேன். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். கம்பெனி பஸ்ஸில் போக வர கேட்பேன், படிப்பேன். அவ்வளவுதான்.

கரகம்தான் கஷ்டம். தலையில் வைக்கும் முன்னால் பூசாரி மூன்று தடவை கேட்பார், மனசு முழுசா இருக்குதா என்று. மூன்று தடவையும் முழுசா இருக்குது என்று சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்பா சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும். இப்போது என் மனசு முழுசாக இல்லை. பாதி இங்கே, பாதி அங்கே. அதை வைத்துக்கொண்டு அம்மன் எதிரில் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மனை மதிக்காததால் இல்லை, மதிப்பதால்தான். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூடம் பற்றி விசாரித்து வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்.

முனிராஜ்


தொட்டபாறை
2.3.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

பொறுத்துக்கொள் என்று எழுத உங்களுக்கு என்ன, ஒரு வரி. பஸ் வரும் நேரத்தில் நான் தண்ணீருக்குப் போகக் கூடாது; பாப்பாவை அங்கன்வாடியில் விடப் போகும் வழியில்தான் அன்புமணி அண்ணனைப் பார்க்க முடிகிறது. ரேஷன் கடைக்குத் தினேஷ்தான் போகிறது. எங்கம்மா மத்தூரிலிருந்து வந்து என்னைப் பத்து நாள் கூட்டிப் போகிறேன் என்று கேட்டதற்கு, காபி கொடுத்து அடுத்த பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். மாமாவுக்குக் கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவாரே, "சும்மனிரு" என்றார். சும்மாதான் இருக்கிறேன். வேறு என்ன செய்கிறேன்?

ஆனால் எனக்கு வலிப்பது அது இல்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைத்தான் கேட்டீர்களா? நான் பாட்டு கேட்கிறார், உடம்பு அசந்து வந்திருக்கிறார் என்று என் பேச்சையெல்லாம் நிறுத்திக்கொள்வேன். பிரேம்குமார் அண்ணனுக்குக் கை போனதையே எனக்கு நீங்கள் சொல்லவில்லை. உங்களுக்குப் பயம் வந்தது, அதற்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. எல்லாம் உங்கள் காதுக்குள்ளேயே நடந்து முடிந்தது. ஊருக்கே கேட்ட பிறகுதான் எனக்குக் கேட்டது. இதற்கு நான் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

அந்த ஆப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். எனக்கும் ஏற்பாடு செய்யுங்கள். சண்டை போடுவதென்றாலும் எதனோடு போடுகிறேன் என்று தெரிய வேண்டாமா?

யுவஸ்ரீ


மூக்கண்டபள்ளி
9.3.2025

யுவாவுக்கு,

பாப்பாவுக்குப் புதுச் செருப்பு அனுப்பியிருக்கிறேன். பெட்டியின் அடி அட்டையைத் தூக்கிப் பார். இதற்கு முன்னால் நான் வைத்திருந்த உடைந்த போன். திரையில் கீறல் இருந்தாலும் எழுத்து தெரியும். சிம் இல்லை, நெட்டும் வேண்டாம். தமிழ் எழுத்தும் குரலும் எல்லாவற்றையும் இங்கேயே இறக்கிவிட்டேன். பச்சை முக்கோணத்தைத் தொட்டால் வாசிக்கும். ஒயர் இயர்போன் வைத்திருக்கிறேன், அதையே மாட்டு. தயவு செய்து புளூடூத் பக்கம் மட்டும் போகாதே.

கை விஷயத்தைச் சொல்லாதது தப்புதான். நீ பயந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

முனிராஜ்


தொட்டபாறை
30.3.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனைக் கேழ்வரகு டிரம்மில் வைத்திருக்கிறேன். பாப்பாவை விடப் போகும் சாக்கில் அங்கன்வாடியில் சார்ஜ் போடுகிறேன். சுஜாதா டீச்சர் எதையும் கேட்பதில்லை, அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்து, திரும்பக் கூப்பிடப் போகும்போது கொடுத்துவிடுகிறார். மாட்டுக்குத் தீவனம் வைக்கும் நேரம் என் நேரம். ஒரு காதில் மாட்டி முக்காடு போட்டுக்கொள்வேன். இன்னொரு காது அத்தை கூப்பிடுவதற்கு.

ஆரம்பத்திலிருந்தே படித்தேன். உங்கள் ஆபிரகாம் பிழைக்கப் போன ஊரில் பெண்டாட்டியைத் தங்கச்சி என்று சொல்லி ராஜா வீட்டில் விட்டுவிட்டு, தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறாரே, அதைப் படித்தபோது உங்களுக்கு யார் ஞாபகமும் வரவில்லையா? எனக்கு வந்தது. பெரிய மனுஷர், எல்லாரும் கும்பிடுகிற மனுஷர், ஆனால் சாராள் அந்த வீட்டில் என்ன பாடுபட்டாள் என்று ஒரு வரி இல்லை.

வாசிக்கிறவர் குரல் தாசில்தார் உத்தரவு படிக்கிற மாதிரி இருக்கிறது. யார் யாரைப் பெற்றார் என்று வரும் இடத்தில் நான் சாணி அள்ளப் போய்விடுவேன். யோனாவையும் முழுசாகக் கேட்டேன். மீன் வயிற்றில் அவனுக்கு மூன்றே நாள். அவனைக் கக்கிவிட்டது. என்னை இந்த மலை எப்போது கக்கும் என்று தெரியவில்லை.

மேலே பூதக்கண்ணாடிப் படம் போட்ட கட்டம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது. எந்த வார்த்தையைப் போட்டாலும் தேடிக் கொடுக்கிறது. மாமன் என்று போட்டேன். மோசேயின் மாமனார் வந்தார். மருமகனுக்கு நல்ல யோசனை சொல்லிவிட்டு, பேசாமல் தன் ஊரைப் பார்த்துப் போய்விட்டார். அப்படியும் சிலருக்கு அமைகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சண்டைக்காகத்தான் திறந்தேன். இப்போது தீவன நேரம் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். அதில் வருகிறவர்கள் கடவுளிடமே சத்தம் போடுகிறார்கள். எத்தனை காலம் இப்படி விட்டுவைப்பாய் என்று கேட்கிறார்கள். இங்கே அப்படிக் கேட்க எனக்கு யாரும் இல்லை.

யுவஸ்ரீ


மூக்கண்டபள்ளி
6.4.2025

யுவாவுக்கு,

மாமனார் கதையைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அறையில் கூட இருக்கும் முத்துக்குமார், விருதுநகர்க்காரர், என்னவென்று கேட்டார். வீட்டிலிருந்து கடிதம் என்றேன். கொடுத்துவைத்த ஆளுப்பா நீ என்றார்.

ஆபிரகாமைப் பற்றி நீ எழுதியது சரிதான். அந்த இடத்தை நானும் படித்திருக்கிறேன். சாராளை நினைத்துப் படிக்கவில்லை.

போன வாரம் அப்பா தனியாகக் கூப்பிட்டார். தினேஷ் பக்கத்தில் இல்லை. "முட்டி போச்சுடா முனி. எங்கப்பன் எடுத்தது, நான் எடுத்தது. உன் காலத்துல நின்னா என்னைத்தாண்டா கேப்பாங்க" என்றார். அவர் குரல் உடைந்து இதுவரை நான் கேட்டதில்லை. போனை வைத்த பிறகு லைனில் நின்று வேலை செய்ய முடியவில்லை. சூப்பர்வைசர் திட்டினார்.

இங்கே லைன், அங்கே முறை. இரண்டு பக்கமும் என்னை விட மாட்டேன் என்கிறது. ஒருவரிடம் கேட்கலாம் என்று சர்ச்சுக்குப் போனேன், இந்தத் தடவை உள்ளேயே போனேன். பாஸ்டர் நல்லபடியாகத்தான் பேசினார். கரகம் எடுக்கக் கூடாது தம்பி என்று சொன்னார். என் பெண்டாட்டி அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றேன். ஜெபம் பண்ணுவோம் என்றார். நானும் பண்ணினேன். ஆனால் பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போனபோது, காபி கொண்டுவந்து கொடுக்க அவர் பெண்டாட்டி அங்கேயே இருந்தார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை யுவா.

முனிராஜ்


தொட்டபாறை
20.4.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்.

கோவில் என்று தேடினால் வந்துகொண்டே இருக்கிறது. கட்டுகிறார்கள், இடிக்கிறார்கள், மறுபடியும் கட்டுகிறார்கள். சலிக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இராஜாக்கள் இரண்டாம் புத்தகம், ஐந்தாம் அதிகாரம். நாகமான் என்று ஒரு படைத்தலைவர், குஷ்டரோகி. வேறு தேசத்துக்குப் போய் எலிசா என்ற தீர்க்கதரிசி சொன்னபடி ஆற்றில் முங்கிக் குணமாகிறார். இனிமேல் உங்கள் கடவுளைத்தான் கும்பிடுவேன் என்கிறார். ஆனால் ஒரு சங்கடம். அவருடைய ராஜா ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவார். ராஜா குனிந்தால் இவரும் குனிந்தாக வேண்டும். அதற்கு மட்டும் என்னை மன்னிக்கணும் என்று கேட்கிறார். எலிசா என்ன சொன்னார்? கூடாது என்று சொல்லவில்லை. ஜெபம் பண்ணுவோம் என்றும் சொல்லவில்லை. நிம்மதியாகப் போய் வா என்று அனுப்பிவிட்டார்.

இது நான் சொல்வதில்லை, உங்கள் புத்தகத்தில் இருப்பது. மாமாவுக்கு முட்டி போச்சு. உங்கள் கையைப் பிடித்துத்தான் அவர் அந்தக் கோயிலுக்குள் போக வேண்டும். நீங்கள் குனிந்தால் தப்பா? உங்கள் பாஸ்டரிடம் இந்த அதிகாரத்தைக் காட்டிக் கேளுங்கள்.

பாப்பா தினமும் ஓசூர் எப்போது என்று கேட்கிறாள். அவள் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் அங்கே பேர் எழுதிக்கொண்டிருப்பார்கள். பண்டிகை மே ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வந்து எடுங்கள். மறுநாள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் மலை இறங்கிவிடலாம். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

யுவஸ்ரீ


மூக்கண்டபள்ளி
27.4.2025

யுவாவுக்கு,

பாஸ்டரிடம் காட்டினேன். அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்துப் பார்த்தார். நாகமான் குனியத்தான் செய்தான், யாரும் அவன் தலையில் எதையும் வைக்கவில்லை என்றார். அதுவும் சரிதான். நீ சொல்வதும் சரிதான். இதை இத்தனை தடவை படித்தும் நான் கண்டுபிடிக்கவில்லை, நீ கண்டுபிடித்தாய்.

வருகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டு அம்மாதான் ஓவென்று அழுதார். விரதத்தை இங்கேயே ஆரம்பித்துவிட்டேன். கேண்டீனில் சாப்பிடுவதில்லை.

இதே தெருவில் ஒரு ரூமும் அடுப்படியும் உள்ள வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான், இருந்தாலும் நம் வீடு. பள்ளியிலும் பாப்பா பேரைச் சொல்லி வைத்தாயிற்று. உன் பையைக் கட்டி வை.

முனிராஜ்


தொட்டபாறை
14.5.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

என் பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தது நீங்கள். மாமா வந்து சொன்னதும் அதைத் திரும்ப இறக்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். ஷிப்டுக்கு நேரமாகிறது, போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றீர்கள். பஸ் கிளம்பிவிட்டது. பாப்பா புதுச் செருப்போடு ரோட்டில் உட்கார்ந்து அழுதாள். அன்புமணி அண்ணன் படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டு போனார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

கரகம் எடுத்தவன் வீட்டு விளக்கு அடுத்த பண்டிகை வரை அணையக் கூடாதாம். எடுத்தவன் பெண்டாட்டிதான் அதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டுமாம். அவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். கரகம் கைமாறியதால் விளக்கும் கைமாறிவிட்டதாம். அத்தை இத்தனை வருஷமாக அந்த விளக்கைப் பார்ப்பது பக்தி என்றுதான் மத்தூரில் பிறந்த நான் நினைத்திருந்தேன். நம் கல்யாணத்துக்கே மத்தூருக்கு வராமல் இருந்தாரே, மூட்டுவலி என்று நீங்கள் எல்லாரும்தானே சொன்னீர்கள்? இப்போது புரிகிறது, அவருக்கு மூட்டுவலி இருந்ததே இல்லை.

இது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? நேராகச் சொல்லுங்கள். உங்களை வா வா என்று கூப்பிட்டு, அதிகாரம் வசனம் தேடிக் கொடுத்து, என் கதவை நானே சாத்திக்கொண்டேன்.

பூசாரி மூன்றாவது தடவை கேட்டபோது நீங்கள் பதில் சொல்லத் தாமதித்தீர்கள். கவனித்தேன். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீங்கள் அதை முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

யுவஸ்ரீ


மூக்கண்டபள்ளி
18.5.2025

யுவாவுக்கு,

அடிக்க வேண்டுமென்றால் அடித்துவிடு.

தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது அம்மாவின் வேலை என்றே எனக்குப் பழகிவிட்டது. நான் பிறந்ததிலிருந்து அந்த விளக்கும் அம்மாவும் அங்கேயேதான் இருக்கிறார்கள். கரகத்தை நான் வாங்கினால் அது உன் மேல் வரும் என்று தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. பஸ் பக்கத்தில் அப்பா சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த இடத்தில் அத்தனை பேர் எதிரில் அவரை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

மூன்றாவது தடவை முழுசா இருக்குது என்று சொல்லும்போது எங்கோ ஒரு சேவல் கூவியது. பேதுரு தன் குருவைத் தெரியாது தெரியாது என்று மூன்று தடவை சொன்னதும் சேவல் கூவுமே, நீயும் படித்திருப்பாய். அதிலிருந்து ஆப்பைத் திறக்கவில்லை. காலையில் அந்த வரி வருகிறது, படிக்காமல் தள்ளிவிடுகிறேன்.

கொஞ்சம் பொறுத்துக்கொள் யுவா. அடுத்த பண்டிகைக்கு வரும்போது அப்பாவிடம் எப்படியாவது பேசிவிடுகிறேன். பாப்பாவை ஒரு வருஷம் அங்கன்வாடியிலேயே விடலாம். அந்த வீட்டுக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லவா?

முனிராஜ்


தொட்டபாறை
29.5.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. அதன் பிறகு நாகமானை மறுபடி எடுத்துப் படித்தேன். போன தடவை எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கோவில் மட்டும்தான், அதனால் ஆரம்பத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இந்தத் தடவை நிதானமாகப் படித்தேன்.

நாகமானுக்கு வழி சொன்னது யார் தெரியுமா? அவர் பெண்டாட்டிக்கு வேலை செய்த சின்னப் பெண். அவர்கள் படையே போய் வேறு தேசத்திலிருந்து பிடித்துக்கொண்டு வந்த பெண். அவள்தான் சொல்கிறாள், எங்கள் ஊரில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், அவரிடம் போனால் குணமாகும் என்று. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவர் போகிறார். போய் முங்குகிறார், தோல் குழந்தைத் தோல் மாதிரி ஆகிறது. பரிசு கொடுக்கப் பார்க்கிறார். அந்த மண்ணில் இரண்டு பொதி கேட்கிறார். கோவிலுக்குப் போவதற்கு மன்னிப்பும் வாங்கிக்கொள்கிறார். எல்லாம் ஞாபகமாகக் கேட்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

தேடும் கட்டத்தில் சிறுபெண் என்று போட்டேன். வேலைக்காரி என்று போட்டேன். நாகமான் என்று போட்டு வந்த இடத்தையெல்லாம் பார்த்தேன். அவளை வீட்டுக்கு அனுப்பினார்களா என்று எங்கேயும் இல்லை. அவளுடைய ஊர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தவருக்கு, இவளையும் கூட்டிப் போயிருக்கலாமே என்று தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கெட்டவர் இல்லைங்க. நாகமானும் கெட்டவர் இல்லை. ஆனால் நான் இங்கே உட்கார்ந்து உங்களுக்குத் தோன்றும் வரை காத்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நானும் பாப்பாவும் இறங்குகிறோம். ஒளிந்து வரவில்லை. நேற்று நடுவீட்டில் நின்று மாமாவிடம் சொன்னேன். "சும்மனிரு" என்றார். இல்லை மாமா, இருக்க மாட்டேன் என்றேன். விளக்கை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். கரகம் எடுத்தவர் வந்து பார்க்கட்டும், ஓசூரில் நான் வேலைக்குப் போகிறேன் என்றேன். அவர் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். வாசலில் பாறை மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. தினேஷ் என் போனைக் கொண்டுவந்து அம்மி மேல் வைத்துவிட்டுப் போனது.

அத்தை அன்று முழுக்க விளக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இன்று காலை கேழ்வரகு மாவை ஒரு பையில் கட்டி என் பையின் பக்கத்தில் வைத்தார். "எங்கம்மா செத்தப்ப நான் போவல. எல்லை வரைக்கும் போயி நின்னு அழுதுட்டு வந்துட்டன். இத்தினி வருசமா அதை அணைய வுடாம பாத்துனு வந்தவ நானு. நீ கெளம்பு. அணைஞ்சா என்ன ஆவுதுன்னு எனக்கும் தெரியணும்" என்றார்.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. நாளைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் இதனால்தான் என்று ஊர் சொல்லும். நானும் அப்படி நினைத்துவிடுவேனோ என்றுதான் அதிகப் பயம். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அவளோடு எனக்குச் சண்டை இல்லை.

வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆப்பையும் திறந்து படியுங்கள். படிப்பதாக இருந்தால் இனிமேல் சத்தமாகப் படியுங்கள், எனக்கும் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். ஷிப்டு இருக்கிறது என்றால் வர வேண்டாம். மூக்கண்டபள்ளிக்கு எந்த பஸ் என்று அன்புமணி அண்ணனிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

யுவஸ்ரீ